ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் ஈடிணையற்ற வீரர் யார்? நூற்றாண்டைக் கடந்தும் தீராத விவாதம்

ஜோ லூயிஸின் 25 பட்டத் தற்காப்புகள், ராக்கி மார்சியானோவின் தோல்வியறியா 49 வெற்றிகள், முகமது அலியின் மும்முறை மகுடம். இவற்றில் எதைப் பெரிது என்பது? வரலாற்றுத் தரவுகளுடன் ஒரு விரிவான பார்வை.

புதுடெல்லி: விளையாட்டு உலகில் ஒருபோதும் முடிவுக்கு வராத விவாதங்கள் சில உண்டு. ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் எக்காலத்திற்கும் தலைசிறந்த வீரர் யார் என்பது அவற்றுள் முதன்மையானது. ஓட்டப்பந்தயத்தில் நேரமும் நீளம் தாண்டுதலில் தூரமும் தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. குத்துச்சண்டையிலோ எதிரில் நின்றவர் யார் என்பதைப் பொறுத்தே ஒரு வெற்றியின் மதிப்பு அமைகிறது. 1910-இல் களம் கண்டவரையும் 2024-இல் களம் கண்டவரையும் ஒரே வளையத்திற்குள் நிறுத்த இயலாது என்பதால், இந்த விவாதம் தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

ஆயினும் இது வெறும் ரசிகர் சண்டை அன்று. யாருக்குப் பட்டத்திற்காகப் போட்டியிடும் வாய்ப்பு அளிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது, வென்றவர்கள் அதற்காக எதை இழந்தார்கள் என்ற கேள்விகள் இதனுள் அடங்கியுள்ளன.

மாறிய விதிகளும் மாறிய எடையும்

இன்றைய தொழில்முறைக் குத்துச்சண்டையில் 200 பவுண்டுக்கு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையோர் ஹெவிவெயிட் பிரிவில் இடம்பெறுகின்றனர். இந்தப் பிரிவுக்கு மேல் வரம்பு கிடையாது. 1980-ஆம் ஆண்டை ஒட்டி குரூஸர்வெயிட் என்ற புதிய பிரிவு உருவாகும் வரை 175 பவுண்டைத் தாண்டிய அனைவரும் ஹெவிவெயிட் வீரர்களாகவே கருதப்பட்டனர். சுமார் 85 கிலோ எடையுடன் களம் கண்ட மார்சியானோ, இன்றைய விதிப்படி ஹெவிவெயிட் வீரரே அல்லர். இந்த ஓர் உண்மையே வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்பிடுவதில் உள்ள சிக்கலை உணர்த்தப் போதுமானது.

போட்டியின் நீளமும் மாறியுள்ளது. வெறுங்கைச் சண்டைக் காலத்தின் கடைசிச் சாம்பியனான ஜான் எல். சல்லிவன், 1889-இல் ஜேக் கில்ரைனை 75 சுற்றுகளில் வென்றார். 1892-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கையுறை அணிந்து குயின்ஸ்பெரி விதிகளின்படி நடைபெற்ற போட்டியில் ஜேம்ஸ் கார்பெட்டிடம் 21-ஆவது சுற்றில் வீழ்ந்தார். பின்னர் 15 சுற்றுகள் என்பது பட்டப் போட்டிகளின் வழக்கமாயிற்று. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த லைட்வெயிட் போட்டியில் பலத்த காயமடைந்த தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ உயிரிழந்ததைத் தொடர்ந்து, உலகக் குத்துச்சண்டை கவுன்சில் சுற்றுகளின் எண்ணிக்கையை 12-ஆகக் குறைத்தது. பிற அமைப்புகளும் அந்த தசாப்தத்திற்குள் அதே வழியைப் பின்பற்றின.

பட்டங்களின் எண்ணிக்கையும் பெருகிவிட்டது. லூயிஸ் காலத்தில் உலகச் சாம்பியன் என்றால் ஒருவரே. இன்று நான்கு பெரிய அமைப்புகள் தனித்தனியே பட்டம் வழங்குகின்றன. எனவே ஒரே நேரத்தில் நால்வர் உலகச் சாம்பியன்களாக இருக்கக்கூடும்.

எதைக் கொண்டு அளப்பது?

இத்தகைய ஒப்பீடுகளில் பொதுவாக ஐந்து அளவுகோல்கள் கையாளப்படுகின்றன. முதலாவது, பட்டத்தை எவ்வளவு காலம், எத்தனை முறை தக்கவைத்தார் என்பது. இரண்டாவது, வெற்றி தோல்விக் கணக்கு. மூன்றாவது, எதிராளிகளின் தரம். நான்காவது, வீழ்ந்த பின் மீண்டெழும் திறன். ஐந்தாவது, வளையத்திற்கு வெளியே அவர் ஏற்படுத்திய தாக்கம். இவற்றுள் எதற்கு முதன்மை அளிக்கிறோமோ அதற்கேற்பவே விடையும் மாறுகிறது.

ஜாக் ஜான்சன்: தடையை உடைத்த முதல் வீரர்

1878-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டன் நகரில் பிறந்த ஜாக் ஜான்சன், 1908 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி, ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரரானார். எதிராளியின் குத்தைத் தடுத்து, அவரை முன்னேற விட்டு, பின்னர் தாக்கும் அவரது தற்காப்பு நுட்பம் அக்காலத்திற்குப் புதிது.

அவரை வீழ்த்துவதற்காக, ஓய்வு பெற்றிருந்த முன்னாள் சாம்பியன் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ் மீண்டும் களத்திற்கு அழைத்து வரப்பட்டார். 1910 ஜூலை 4 அன்று நெவாடா மாநிலம் ரீனோவில் நடைபெற்ற அப்போட்டியில் 15-ஆவது சுற்றில் ஜான்சன் வென்றார். அந்தச் செய்தி பரவியதும் அமெரிக்காவின் பல நகரங்களில் இனக் கலவரங்கள் வெடித்து உயிர்கள் பலியாகின. குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதற்கு 1912-இல் தடை விதிக்கப்பட்டது.

1913-இல் மான் சட்டத்தின் கீழ் ஜான்சன் மீது வழக்குத் தொடரப்பட்டு, முழுவதும் வெள்ளையர்களே அடங்கிய ஜூரி அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. நாட்டை விட்டு வெளியேறிய அவர், 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் 26-ஆவது சுற்றில் பட்டத்தை இழந்தார். 1920-இல் நாடு திரும்பிச் சிறைத் தண்டனையை அனுபவித்தார். அவர் மறைந்து 72 ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 மே மாதம் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

குத்துச்சண்டை இதழான 'தி ரிங்'கை 1922-இல் தொடங்கிய நாட் ஃபிளெய்ஷர், தமது தரவரிசையில் ஜான்சனுக்கே முதலிடம் அளித்தார். அலியை முதல் பத்து இடங்களுக்குள் அவர் சேர்க்கவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. இளமையில் கண்ட வீரரே பெரியவராகத் தோன்றும் மனப்போக்கிற்கு, துறையில் மிகவும் மதிக்கப்பட்ட வல்லுநரும் விதிவிலக்கல்லர்.

பட்டியலில் இடம்பெறாதவர்கள்

1915-இல் ஜான்சன் வீழ்ந்த பிறகு 1937 வரை, ஏறத்தாழ 22 ஆண்டுகள், எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்திற்காகப் போட்டியிட வாய்ப்பு அளிக்கப்படவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த சாம் லாங்ஃபோர்டு, தம் காலத்தில் அனைவராலும் அஞ்சப்பட்டவர். ஜான்சனே கூட, பட்டம் வென்ற பின் அவருடன் மோத முன்வரவில்லை. பிற்காலத்தில் லாங்ஃபோர்டு பார்வையை இழந்தார். 1944-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கடும் வறுமையில் வாழ்ந்து வந்த அவரைப் பத்திரிகையாளர் ஒருவர் தேடிக் கண்டறிந்து எழுதிய பின்னரே அவருக்கென நிதி திரட்டப்பட்டது.

1919 முதல் 1926 வரை சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சியின் புகழுக்கும் இங்கே ஒரு குறை உண்டு. தம்மைவிட உருவில் மிகப் பெரிய வில்லார்டை 1919 ஜூலை 4 அன்று முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் வீழ்த்தியவர் அவர். ஆனால் முதன்மைப் போட்டியாளராக விளங்கிய கறுப்பின வீரர் ஹாரி வில்ஸுடன் அவர் கடைசி வரை மோதவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரும் அப்போட்டி நடைபெறவில்லை. ஆகவே, எக்காலத்திற்கும் சிறந்த வீரர் என்ற எந்தப் பட்டியலும், வாய்ப்புப் பெற்றவர்களின் பட்டியல் மட்டுமே என்பதை மறந்துவிடலாகாது.

ஜோ லூயிஸ்: அசைக்க முடியாத ஆட்சி

1914 மே 13 அன்று அலபாமா மாநிலத்தில் பிறந்து டெட்ராய்ட் நகரில் வளர்ந்த ஜோ லூயிஸ், 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜேம்ஸ் பிராடாக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றார். 1949 மார்ச் மாதம் ஓய்வை அறிவிக்கும் வரை 11 ஆண்டுகள் 8 மாதங்கள் அவரே சாம்பியன். அந்தக் காலத்தில் 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தார். ஹெவிவெயிட் பிரிவில் இச்சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை.

அவரது வாழ்வின் உச்சம் 1938 ஜூன் 22. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் 12-ஆவது சுற்றில் தம்மை வீழ்த்தியிருந்த ஜெர்மானிய வீரர் மேக்ஸ் ஷ்மெலிங்கை, நியூயார்க் யாங்கி விளையாட்டரங்கில் 124 வினாடிகளில் சாய்த்தார். ஷ்மெலிங் நாஜிக் கட்சி உறுப்பினர் அல்லர். எனினும் அவரது முந்தைய வெற்றியை இட்லரின் அரசு இனப்பெருமைப் பரப்புரைக்குப் பயன்படுத்தியது. அதனால் இரண்டாம் போட்டி இரு நாடுகளுக்கு இடையிலான மோதலாகவே பார்க்கப்பட்டது. பிற்காலத்தில் இரு வீரர்களும் நண்பர்களாயினர்.

1942-இல் ராணுவத்தில் சேர்ந்த லூயிஸ், இரண்டு பட்டப் போட்டிகளில் கிடைத்த ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நலநிதிகளுக்கு அளித்தார். ஆனால் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வருமான வரிக் கடன் அவரை நெருக்கியது. அதைத் தீர்ப்பதற்காகவே மீண்டும் களமிறங்கி, 1950-இல் எஸார்டு சார்லஸிடமும் 1951-இல் மார்சியானோவிடமும் தோற்றார். 1981 ஏப்ரலில் மறைந்த அவரது உடல் ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

லூயிஸுக்கு எதிராக முன்வைக்கப்படும் வாதம், அவரது எதிராளிகள் பலர் வலுவற்றவர்கள் என்பது. 1940 இறுதியிலிருந்து 1941 நடுப்பகுதி வரை ஏறத்தாழ மாதம் ஒரு போட்டி என்ற வேகத்தில் அவர் மோதியதைப் பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் அந்தத் தொடரின் முடிவில்தான், 12 சுற்றுகள் வரை புள்ளிகளில் முன்னிலை வகித்த பில்லி கானை 13-ஆவது சுற்றில் அவர் வீழ்த்தினார். யாரையும் தவிர்க்காமல், தொடர்ந்து களம் கண்ட சாம்பியன் என்ற பெருமை அவருக்கு உரியது.

ராக்கி மார்சியானோ: 49-0

மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டன் நகரில் 1923-இல் பிறந்த மார்சியானோ, தொழில்முறைக் களத்தில் 49 போட்டிகளில் பங்கேற்று 49-லும் வென்றவர். அவற்றுள் 43 வெற்றிகள் நாக் அவுட் முறையில் கிடைத்தவை. 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு எதிரான போட்டியில் முதல் சுற்றிலேயே தரையில் வீழ்ந்து, மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்த அவர், 13-ஆவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் பட்டத்தைக் கைப்பற்றினார்.

ஆறு முறை பட்டத்தைத் தக்கவைத்து, 1956 ஏப்ரலில் 32-ஆவது வயதில் ஓய்வு பெற்றார். பணத்திற்காகவோ புகழுக்காகவோ மீண்டும் திரும்பாத அந்த உறுதி, குத்துச்சண்டையில் மிக அரிது. எனினும் அவர் வென்ற பெரிய வீரர்களான லூயிஸ், வால்காட், ஆர்ச்சி மூர் ஆகிய மூவரும் அவரை எதிர்கொண்டபோது 37 வயதைக் கடந்தவர்கள் என்பது அவரது சாதனையின் மீதான நியாயமான விமர்சனம். 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் அவர் விமான விபத்தில் உயிரிழந்தார்.

முகமது அலி: மூன்று முறை மகுடம்

1942 ஜனவரி 17 அன்று கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் கேசியஸ் கிளே என்ற பெயரில் பிறந்தவர் முகமது அலி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்றார். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில், அனைவரும் அஞ்சிய சோனி லிஸ்டன் ஏழாவது சுற்றுக்கு எழுந்து வர மறுத்தபோது, 22 வயதில் உலகச் சாம்பியனானார். இஸ்லாத்தைத் தழுவிப் பெயரையும் மாற்றிக்கொண்டார். கைகளைத் தாழ்த்தியபடி, கால்களின் வேகத்தால் குத்துகளைத் தவிர்த்த அந்த ஆட்டமுறை, ஹெவிவெயிட் பிரிவில் அதுவரை காணப்படாதது.

1967 ஏப்ரல் 28 அன்று வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை அவர் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் சிறை செல்லவில்லை. ஆனால் 25 வயது முதல் 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் உச்சப் பருவத்தில், மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகக் களமிறங்க முடியவில்லை. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

திரும்பி வந்த அலி முன்போல் வேகமானவர் அல்லர். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் ஜோ ஃபிரேசியரிடம் 15 சுற்றுகளில் தோற்றார். 1973-இல் கென் நார்ட்டனிடம் தாடை உடைந்து தோற்றார். ஆனால் இருவரையும் பின்னர் வென்றார். 1974 அக்டோபர் 30 அன்று இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில், 40 போட்டிகளில் தோல்வியே காணாத 25 வயது ஜார்ஜ் ஃபோர்மேனை 32 வயது அலி எதிர்கொண்டார். கயிற்றில் சாய்ந்து நின்று எதிராளியின் குத்துகளை ஏற்று, அவர் களைத்த பின் எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். கால்களின் வேகத்தை இழந்தவர், அறிவாலும் தாங்குதிறனாலும் வென்ற போட்டி அது.

1975 அக்டோபர் 1 அன்று பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூன்றாவது அலி-ஃபிரேசியர் போட்டியில், 14 சுற்றுகளுக்குப் பின் ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தம் வீரரை மேற்கொண்டு களமிறக்க மறுத்தார். 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸிடம் இழந்த பட்டத்தை அதே ஆண்டு செப்டம்பரில் மீட்டு, மூன்று முறை ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் வீரரானார் அலி.

மறக்கலாகாத சமகாலத்தவர்கள்

ஃபிரேசியர் தம் வாழ்நாளில் அலி, ஃபோர்மேன் ஆகிய இருவரைத் தவிர வேறு எவரிடமும் தோற்றதில்லை. ஃபோர்மேன் 1973-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் அதே ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்திப் பட்டம் வென்றவர். கின்ஷாசா தோல்விக்கு 20 ஆண்டுகளுக்குப் பின், 1994 நவம்பரில் 45-ஆவது வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி, மிக மூத்த ஹெவிவெயிட் சாம்பியன் என்ற சாதனை படைத்தார். 2025 மார்ச் மாதம் அவர் காலமானார்.

அலியின் நிழலில் மறைந்து போனவர் லாரி ஹோம்ஸ். 1978 முதல் 1985 வரை சாம்பியனாக இருந்து 20 முறை பட்டத்தைத் தக்கவைத்தார். இடக்கை நேர்க்குத்தை அவரைப் போல் துல்லியமாகப் பயன்படுத்தியவர் வேறு எவருமில்லை எனக் கருதுவோர் உண்டு. 48 வெற்றிகளுடன் மார்சியானோவின் சாதனையைச் சமன் செய்ய ஒரே ஒரு போட்டி எஞ்சியிருந்த நிலையில், 1985 செப்டம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார்.

மைக் டைசன்: உச்சம் மட்டுமே போதுமா?

1986 நவம்பர் 22 அன்று ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றில் வீழ்த்தியபோது மைக் டைசனுக்கு வயது 20. மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் என்ற அந்தச் சாதனை இன்றும் நிலைத்துள்ளது. 1988-இல் ஹோம்ஸை நான்கு சுற்றுகளிலும், மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளிலும் சாய்த்தார். ஓர் இரவு மட்டும் மோதினால் உச்சநிலை டைசனை வெல்லக்கூடியவர் யார் என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது.

ஆனால் 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில், வெல்ல வாய்ப்பே இல்லை எனக் கருதப்பட்ட பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது சுற்றில் அவர் வீழ்ந்தார். 1992-இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். 1996-இல் எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் தோற்று, 1997 மறுபோட்டியில் அவரது காதைக் கடித்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தம்மை வீழ்த்திய எவரையும் டைசன் திரும்ப வென்றதில்லை. மீண்டெழுதல் என்ற அளவுகோலில் அவர் பின்தங்குவது இதனால்தான்.

பெரிய உருவங்களின் காலம்

குரூஸர்வெயிட்டிலிருந்து உயர்ந்து வந்து நான்கு முறை ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் ஹோலிஃபீல்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகத் தங்கம் வென்று, பின்னர் பிரிட்டனின் சாம்பியனாகத் திகழ்ந்த லெனாக்ஸ் லூயிஸ், தம்மை வீழ்த்திய ஆலிவர் மெக்கால், ஹாசிம் ரஹ்மான் ஆகிய இருவரையும் மறுபோட்டியில் வென்றார். தாம் எதிர்கொண்ட அனைவரையும் ஒரு முறையேனும் வென்ற அவர், 2004-இல் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார்.

உக்ரைனின் விளாடிமிர் கிளிட்ச்கோ 2006 முதல் 2015 வரை ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பட்டத்தை வைத்திருந்தார். தொடர்ச்சியான ஆட்சியில் ஜோ லூயிஸுக்கு அடுத்த இடம் அவருடையது. அவரை வீழ்த்தியவர் 206 செ.மீ. உயரமுள்ள டைசன் ஃபியூரி. அந்த ஃபியூரியை, அவரைவிட 15 செ.மீ. உயரம் குறைந்த உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக் 2024 மே 18 அன்று ரியாத்தில் வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் ஒருசேரப் பெற்ற முதல் ஹெவிவெயிட் வீரரானார். அதே ஆண்டு டிசம்பரில் மறுபோட்டியிலும் வென்றார். 2025 ஜூலையில் லண்டன் வெம்பிளி அரங்கில் டேனியல் டுபாயை வீழ்த்தியபோது, 24 போட்டிகளில் 24 வெற்றி என்பது அவரது கணக்கு. உருவம் மட்டுமே தீர்ப்பதில்லை என்பதற்கு நம் காலத்தின் சான்று உசிக்.

எண்களில் ஒரு பார்வை

- ஜோ லூயிஸ்: 66 வெற்றி (52 நாக் அவுட்), 3 தோல்வி
- ராக்கி மார்சியானோ: 49 வெற்றி (43 நாக் அவுட்), தோல்வி இல்லை
- முகமது அலி: 56 வெற்றி (37 நாக் அவுட்), 5 தோல்வி
- ஜார்ஜ் ஃபோர்மேன்: 76 வெற்றி (68 நாக் அவுட்), 5 தோல்வி
- லாரி ஹோம்ஸ்: 69 வெற்றி (44 நாக் அவுட்), 6 தோல்வி
- மைக் டைசன்: 50 வெற்றி (44 நாக் அவுட்), 7 தோல்வி
- லெனாக்ஸ் லூயிஸ்: 41 வெற்றி (32 நாக் அவுட்), 2 தோல்வி, 1 சமன்
- விளாடிமிர் கிளிட்ச்கோ: 64 வெற்றி (53 நாக் அவுட்), 5 தோல்வி

கணினி அளித்த தீர்ப்பு

இந்த விவாதத்திற்குக் கணினி வழியே முடிவு காணும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 1967-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் முர்ரே வொரோனர், முன்னாள் சாம்பியன்களின் தரவுகளைக் கணினியில் உள்ளிட்டு, கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை வானொலியில் ஒலிபரப்பினார். அதில் ஜெஃப்ரிஸிடம் தாம் தோற்றதாகக் காட்டப்பட்டதை எதிர்த்து அலி வழக்குத் தொடுத்தார்.

பின்னர் 1969-இல், ஓய்வு பெற்றிருந்த மார்சியானோவும் களமிறங்கத் தடைவிதிக்கப்பட்டிருந்த அலியும் படப்பிடிப்புக்காக நேரில் மோதினர். வெவ்வேறு முடிவுகள் படமாக்கப்பட்டன. 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படத்தில், 13-ஆவது சுற்றில் மார்சியானோ வெல்வதாகத் தீர்ப்பு அமைந்தது. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களிலேயே மறைந்துவிட்ட மார்சியானோ அந்த முடிவைக் காணவில்லை. அலி தம் வாழ்வின் பெரும் போட்டிகளை அப்போது ஆடியிருக்கவே இல்லை. ஃபிரேசியரும் ஃபோர்மேனும் அந்தக் கணினியின் தரவில் எப்படி இருந்திருக்க முடியும்?

இந்தியாவில் அலி

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் ஒரு சிறு பக்கம் உண்டு. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த அலி, டெல்லியில் இந்திய ஹெவிவெயிட் வீரர் கவுர் சிங்குடன் காட்சிப் போட்டியில் ஆடினார். பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரரான கவுர் சிங், 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2023-இல் அவர் காலமானார். அதே பயணத்தில் சென்னைக்கும் வந்த அலி, நேரு விளையாட்டரங்கில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் பங்கேற்றார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அந்நிகழ்ச்சியில் கலந்துகொண்டார்.

வெற்றிக்குக் கொடுத்த விலை

புகழின் மறுபக்கத்தையும் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. தொடர்ந்து தலையில் விழும் குத்துகள் மூளையைப் பாதிக்கும் என்பதை 1928-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட் பதிவு செய்தார். 1977-இல் எர்னி ஷேவர்ஸுடனான போட்டிக்குப் பின், அலி இனி ஆடக்கூடாது என வலியுறுத்திய அவரது மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, தம் சொல் ஏற்கப்படாததால் அணியை விட்டு விலகினார். அலியோ 1980-இல் ஹோம்ஸிடமும் 1981-இல் பெர்பிக்கிடமும் தோற்ற பின்னரே ஓய்ந்தார். 1984-இல் அவருக்கு நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையுடன் அவர் சுடர் ஏற்றிய காட்சியை உலகமே கண்டது. 2016 ஜூன் 3 அன்று அவர் மறைந்தார்.

அலியுடன் இரு முறை மோதிய ஜெர்ரி குவாரி, குத்துச்சண்டையால் நேர்ந்த மூளைச் சிதைவால் பாதிக்கப்பட்டு 1999-இல் 53 வயதில் உயிரிழந்தார். அவரது பெயர் எந்தத் தரவரிசையின் உச்சியிலும் இடம்பெறுவதில்லை. உச்சியில் இருப்பவர்கள் கொடுத்த அதே விலையை அவரும் கொடுத்தார்.

ஆக, யார் தலைசிறந்தவர்?

அளவுகோல்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டால் விடைகளும் தனித்தனியே அமைகின்றன. பட்டத்தைக் காத்த உறுதியில் ஜோ லூயிஸுக்கு இணையில்லை. தோல்வியின்மையில் மார்சியானோ தனித்து நிற்கிறார். தடைகளை உடைத்ததில் ஜாக் ஜான்சன் முன்னோடி. குறுகிய கால உச்சத்தில் டைசனை மிஞ்சுவது கடினம். எதிர்கொண்ட அனைவரையும் வென்றதில் லெனாக்ஸ் லூயிஸ் சிறக்கிறார்.

எதிராளிகளின் தரம், மீண்டெழும் திறன், வளையத்திற்கு வெளியிலான தாக்கம் ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால், தராசு அலியின் பக்கமே சாய்கிறது. லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மேன், நார்ட்டன் என அவர் வென்ற பெயர்களின் வரிசை வேறு எந்தச் சாம்பியனுக்கும் வாய்க்கவில்லை. உச்சப் பருவத்தின் மூன்றரை ஆண்டுகளைக் கொள்கைக்காக இழந்த பின்னரும் அவர் அதைச் சாதித்தார். அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழும் பிரிட்டனின் பிபிசியும் 1999-இல் அவரை நூற்றாண்டின் சிறந்த விளையாட்டு வீரராகத் தேர்ந்தெடுத்தன.

ஆனால் சாம்பியனின் முதற்கடமை பட்டத்தைக் காப்பதே எனக் கருதுவோர் ஜோ லூயிஸை முதலிடத்தில் வைத்தால், அதைத் தவறென்று மறுக்க எந்தப் புள்ளிவிவரமும் இல்லை. அலியா, லூயிஸா என்று வாதிடும்போது, இருவருக்கும் கிடைத்த பட்ட வாய்ப்பு ஒருமுறைகூடக் கிடைக்காமல் போன சாம் லாங்ஃபோர்டின் பெயரையும் அந்த உரையாடலில் சேர்த்துக்கொள்வதே வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையாக அமையும்.